ஊசிக்கு முன்னால் நான் இருந்த பத்தியம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகனுடைய மகள், என் பேத்திதான் எழுதுகிறாள். நான் பேசுவதை அவள் கொஞ்சம் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள், அது அவள் பாடு. மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். அதில் கை வைத்தால் ருசி போய்விடும். மடியில் பிள்ளை தூங்கும் நேரத்தில்தான் எழுதுகிறாள். ஆகையால் நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்கிறேன். எதையாவது விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் விரல்கள். நாலைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், காலையில் எழுந்தால் விரல் மடங்காமல் போயிற்று. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்குவேன். தலைமுடியை அள்ளி முடிய முடியாது. சேலையைச் சொருக மருமகள் வர வேண்டும். தைலம் தேய்த்தேன், தவிட்டு ஒத்தடம் கொடுத்தேன், முடக்கத்தான் தோசை தின்று தின்று நாக்கே பச்சையாகிவிட்டது. கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். மூட்டு வாதம் என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை கொடுத்தார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு என்று பெயராம். தினமும் காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்று.

ஒரு வாரத்தில் விரல் மடங்கியது! அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தில் வீட்டிலிருந்த சின்ன வெங்காயம் மொத்தத்தையும் உரித்துப் போட்டுவிட்டேன். இரண்டு நாளைக்கு மூன்று வேளையும் வெங்காயக் குழம்புதான். மகன் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாத்திரையால் பசியும் வரும், முகமும் உப்பும். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன மதினி, கன்னமெல்லாம் பூரிச்சுக் கெடக்கு? கல்யாணப் பொண்ணு கணக்கால்ல இருக்கீக."

"மாத்திரை தின்னு பூரிச்சது தாயி. ஒனக்கும் வேணும்னா ஒண்ணு தாரேன்."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பேத்தி முழுகாமல் இருக்கும் சேதி வந்தது. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேரன் பேத்தி எடுப்பது வேறு, பேத்தியின் பிள்ளையைப் பார்ப்பது வேறு. ஊரில் இருந்த காலத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் என்னைத்தான் குளிப்பாட்டக் கூப்பிடுவார்கள். மணையில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு, காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டால் அது என் காலோடு ஒட்டிக்கொள்ளும். அழாது. மற்றவர்கள் கையில் வீறிடும் பிள்ளைகூட என் காலில் கண்ணைச் சொருகும். என் மகனை நான்தான் குளிப்பாட்டினேன், இந்தப் பேத்தியையும் நான்தான். அவளுடைய அம்மா, அதாவது என் மருமகள், சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்ததோடு சரி. வரப்போகிற பிள்ளைக்கும் முதல் தண்ணீர் என் காலில்தான் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். மாத்திரை புண்ணியத்தில் விரலும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது இதை டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப நீங்க ஃப்ளூ ஊசி போட்டே ஆகணும் பாட்டி. நீங்க சாப்பிடுற மாத்திரை வலியக் குறைக்கும், அதோட சேர்த்து எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். மழை ஆரம்பிச்சா காய்ச்சல் மொதல்ல உங்களத்தான் புடிக்கும். உங்ககிட்ட இருந்து பச்சப் புள்ளைக்குப் போகும்."

"ஊசிதான? போடுங்க தாயி. மாடா கத்தப் போறேன்?"

"இன்னிக்கு மருந்து இருப்பு இல்ல. அடுத்த வியாழக்கிழமை வாங்க. போட்டு ரெண்டு வாரம் ஆனாத்தான் உடம்புல வேலை செய்யும். அதனால தள்ளிப் போடாதீங்க."

பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. நேரம் தாராளம். ஆட்டோவில் திரும்பும்போது கூட வந்திருந்த பேத்தியிடம் கேட்டேன், அந்த ஊசிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று.

"அந்தக் காய்ச்சலோட கிருமியவே துளியூண்டு உள்ள விட்டு, ஒடம்புக்குப் பழக்கிக் குடுக்குறது அப்பத்தா. நெசக் கிருமி வந்தா ஒடம்பு அடையாளம் கண்டுக்கிரும்."

அட, இது அம்மை குத்துவதுதானே! எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதுதான் வினை.

அம்மை குத்தியதைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ இருக்கும். வத்தலக்குண்டுப் பக்கம் எங்கள் ஊருக்குக் காக்கி நிக்கர் போட்ட ஒருவர் சைக்கிளில் வருவார். பின்னால் தகரப் பெட்டி. அவர் தலை தெரிந்ததும் பிள்ளைகள் எல்லாம் காற்றாய்ப் பறந்துவிடுவோம். நானும் என் தங்கையும் சோளத்தட்டை அடுக்கியிருந்த படப்புக்குள் நுழைந்துகொண்டோம். உள்ளே சொணை அரிக்கிறது. சொறிந்தால் தட்டை சலசலக்கும். தங்கை பொறுக்க மாட்டாமல் தும்மிவிட்டாள். இரண்டு பேர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அந்த மனுஷன் பல்சக்கரம் மாதிரி ஒன்றைக் கையில் வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினார். அம்மா! இப்போதுகூட இடது கையில் இரண்டு காசு அகலத்துக்குத் தழும்பு இருக்கிறது.

மூன்றாம் நாள் அது வீங்கிப் பழுத்தது, காய்ச்சலும் அடித்தது. எங்கள் அம்மா அதை ஊசி போட்ட வீக்கம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆத்தாவே வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று வாசலில் வேப்பிலை சொருகினாள். தாளிப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, கறி மீன் கிடையாது. கம்பங்கூழும் மோரும் வெறும் பருப்பும்தான். முக்கியமாக, ஆத்தா இருக்கும் உடம்புக்குள் மருந்து போகக் கூடாது. கஷாயம்கூடக் கொடுக்க மாட்டாள். மருந்து கொடுத்தால் ஆத்தா கோபித்துக்கொண்டு உள்ளேயே தங்கிவிடுவாள் என்பாள். வேப்பிலைக் கொத்தால் எங்கள் முதுகை வருடிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் சின்ன வயதில் அவ்வளவு நல்ல நாட்கள் வேறு கிடையாது. எங்கள் அம்மா விடியும் முன்னால் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். களை வெட்டு, கதிர் அறுப்பு, தக்காளி எடுப்பு, ஏதாவது ஒன்று. அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆத்தா வந்திருக்கும் வீட்டிலிருந்து வேலைக்குப் போகக் கூடாதே, அதனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அவள் எங்கும் போகவில்லை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் தங்கை, நடுவில் அவள். வேப்பிலைக் குச்சியால் தரையில் புள்ளி வைத்துக் காட்டினாள். எங்கள் அம்மாவுக்குக் கோலம் போடத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காய்ச்சல் விட்டதும் நானும் தங்கையும் அழுதோம். வலியில் அழுகிறோம் என்று நினைத்து அவள் வேப்பிலையை மாற்றிப் போட்டாள்.

சரி, ஊசிக்கு வருகிறேன். ஆட்டோவில் வரும்போதே இதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துவிட்டது. கிருமியை உள்ளே விடுகிற ஊசி என்றால் அதற்கு முன்னாலேயே உடம்பைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டாமா? தினமும் மாத்திரையைத் தின்று வைத்தால் இந்த ஊசி எப்படிப் பிடிக்கும்? மாத்திரை ஊசியை முறித்துவிடும், பிள்ளைக்கு ஆகாமல் போகும். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று எங்கேயோ தெரிந்திருக்கிறது பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பத்தியம் இருக்க ஆரம்பித்தேன்.

காலையில் இட்லி தின்றதும் மருமகள் மாத்திரையை உள்ளங்கையில் வைப்பாள். வாயில் போடுவது மாதிரி போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொள்வேன். கறிக்குழம்பு வேண்டாம், ரசம் போதும் என்றேன். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தையும் ஒதுக்கிவிட்டேன்.

"என்ன அத்தே, கறி வாசம் வந்தா மொத ஆளா வந்து உக்காருவீக. இன்னிக்கு என்ன?"

"வயிறு மந்தமா இருக்குத்தா."

முதல் நாள் ஒன்றும் இல்லை. மனதுக்குக் குளுமையாகக்கூட இருந்தது. எங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி. இரண்டாம் நாள் விரல் இறுகியது. மூன்றாம் நாள் முழங்கால், தோள் எல்லாம் பிடித்துக்கொண்டது, வாயில் போட்டதெல்லாம் குமட்டியது. புதன்கிழமை கட்டிலை விட்டு எழுந்தால் வீடு சுற்றியது. அடடா, உடம்பு சுத்தமாகிறது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு புத்தி!

வியாழக்கிழமை மருமகள் என்னைத் தாங்கித் தாங்கித்தான் கூட்டிப்போனாள். நர்ஸ் பொண்ணு ரத்த அழுத்தம் பார்த்தது. மறுபடி பார்த்தது. உள்ளே ஓடியது. டாக்டரம்மா வந்தார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா பாட்டி?"

"தெனமும் சாப்பிடுறேன் தாயி."

டாக்டரம்மா மருமகளைப் பார்த்தார். அவள் ஒரே அடியாகச் சொன்னாள்.

"நான்தாங்க டாக்டர் குடுக்குறேன், எங்கையால. ஒரு நாளு தப்புனதில்ல. எங்கத்தை சின்னப்புள்ள மாதிரி வாங்கிப் போட்டுக்குவாக."

எனக்கு நெற்றியெல்லாம் வியர்த்து ஊற்றியது. துடைத்துவிடலாம் என்று மருமகள் என் முந்தானையை எடுத்தாள். முடிச்சு கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்தாள். ஐந்து மாத்திரை. வியர்வையில் ஊறி இரண்டு மாவாகிக் கிடந்தது.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோபமாக இருந்தால் பரவாயில்லை.

"டாக்டர் முன்னாடி என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டீகளே அத்தே."

பிறகு அம்மை குத்தியது, ஆத்தா, வேப்பிலை, பத்தியம் எல்லாவற்றையும் குளறிக்குளறிச் சொன்னேன். டாக்டரம்மா திட்டுவார் என்று பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாட்டி, உங்களுக்கு அப்ப குத்துனது உசுரோட இருக்குற கிருமி. அதான் பழுத்துச்சு. இந்த ஊசியில உசுரே கிடையாது. செத்துப்போன கிருமியோட துண்டு. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே போட்டுக்கலாம், ஒண்ணும் செய்யாது."

"அப்ப மாத்திரை ஊசிய முறிக்காதா?"

"மத்தவங்களுக்குப் பிடிக்கிற அளவுக்கு உங்களுக்குப் பிடிக்காமப் போகலாம். அதுக்காக மாத்திரைய நிறுத்துவாங்களா? வருஷக்கணக்கா இந்த மாத்திரைய வாங்கிப் பழகுன உடம்பு, தான் செய்ய வேண்டிய வேலையவே மறந்திருக்கும். பட்டுன்னு நிறுத்துனா ஆளையே சாய்ச்சுப்புடும். இன்னிக்கு வராம நாளைக்கு வந்திருந்தீங்கன்னா..."

அன்றைக்கு ஊசி இல்லை என்றார். முதலில் உடம்பு தேற வேண்டும். சாயங்காலம் வரை கிளினிக் கட்டிலில் படுக்கவைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், என்னோடு பேசவில்லை. ஆனால் என் கை சில்லென்று இருப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மா வரச்சொன்னது அடுத்த வாரத்துக்கு. விதி பாருங்கள், அந்த வாரம் மகன் எங்கிருந்தோ சளியைக் கொண்டுவந்தான். எனக்கும் காய்ச்சல் அடித்தது. அது விட்டு, நான் தெளிந்து, ஊசிக்குப் போவதற்குள் இன்னும் பத்து நாள் ஓடிவிட்டது. ஒருவழியாகப் போட்டார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்திருந்தேன்.

"முடிஞ்சுது பாட்டி" என்றது நர்ஸ் பொண்ணு.

"என்னது முடிஞ்சுதா? நீ குத்தவே இல்லையே."

"குத்தியாச்சு, பஞ்சு வச்சிருக்கேன் பாருங்க."

எறும்பு கடித்த அளவுகூட இல்லை. கூடவே மகனுக்கும் மருமகளுக்கும் போட்டார்கள். மகன் ஊசியைப் பார்த்ததும் வெளியே போன் வருவதாகச் சொல்லி நழுவப் பார்த்தான். மருமகள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மறுநாள் கையைத் தடவித் தடவிப் பார்த்தேன், வீக்கம் இல்லை, கொஞ்சம் வலிதான். காய்ச்சல்கூட வரவில்லை என்பதில் எனக்கு லேசான வருத்தம். யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். எழுதுகிறவள் சிரிக்கிறாள்.

மூன்றாம் நாள் பேத்திக்கு வலி எடுத்தது. பத்து நாள் முந்திக்கொண்டது. பெண் பிள்ளை. கறுப்புத் திராட்சை மாதிரி கண். வீட்டுக்கு வந்ததும் நான் கையை நீட்டினேன். பேத்தி மாஸ்க்கை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அப்பத்தா, இப்பத்தான் காய்ச்சல் விட்டு எந்திரிச்சிருக்க. ஊசி போட்டு ரெண்டு வாரம் முடியட்டும். அதுவரைக்கும் தள்ளி நின்னு கொஞ்சிக்க."

"ஏ ஆத்தா, தொடக்கூடக் கூடாதா?"

"நீதான மாத்திரைய முடிஞ்சு வச்ச? அன்னிக்கே ஊசி போட்டிருந்தா இந்நேரம் ஒன் மடியிலதான் கெடக்கும்."

உண்மைதானே. மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன்.

தொப்புள் உதிர்ந்தது. குளிப்பாட்ட வேண்டும். வெந்நீர் விளாவியாயிற்று, மணை போட்டாயிற்று. உட்கார்ந்தது என் மருமகள். ஐம்பது வயதில் முதன்முதலாக. சேலையை ஏற்றிச் சொருகத் தெரியவில்லை, காலை எவ்வளவு அகட்டுவது என்று தெரியவில்லை. பிள்ளையைக் காலில் போட்டதும் கத்தி ஊரைக் கூட்டியது. நான் குளியலறை வாசலில் மாஸ்க் போட்டுக்கொண்டு நாற்காலியில்.

"காலைச் சேத்து வையி! கழுத்தைத் தாங்கு! தண்ணிய மூஞ்சியில அடிக்காத!"

"அத்தே, நீங்க கத்துற கத்துலதான் புள்ள அழுகுது."

"மூக்கப் புடிச்சு விடுத்தா, நீளமா வரட்டும்."

"மூக்கையும் புடிக்கக் கூடாது, காதுலயும் ஊதக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியாச்சு. செத்த நேரம் சும்மா இருங்க."

பார்க்க மனம் ஆறாமல் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டால் சத்தம் கேட்கிறது. திறந்துகொண்டேன்.

மறுநாள் பிள்ளை கொஞ்சம் குறைவாக அழுதது. நாலாம் நாள் மருமகள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஊற்றினாள், பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அழவே இல்லை. எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷத்தோடு வயிற்றில் ஒரு புளிப்பும் இருந்தது, மறைப்பானேன்? இந்த முப்பது வருடத்தில் சொம்பை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இரண்டு வாரம் முடிந்த காலை. நான் மாத்திரையைச் சாப்பிட்டேன். இப்போதெல்லாம் வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டவும் வேண்டியிருக்கிறது. குளியலறைக்குப் போனால் மருமகள் பழக்கத்தில் மணையில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டாள். என்னைப் பார்த்ததும் ஞாபகம் வந்து, மெதுவாகத்தான் எழுந்தாள். எவ்வளவு மெதுவாக என்று எனக்குத் தெரிந்தது.

"வாங்க அத்தே. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பேத்தி பிள்ளையை எண்ணெயோடு என் காலில் கிடத்தினாள். அடியம்மா, அந்தக் கனம்! நாலு சொம்புத் தண்ணீர் கனம்கூட இருக்காது, ஆனால் என் கால் இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பிள்ளை ஒருமுறை நெளிந்தது, அடங்கியது. கழுத்தைத் தாங்கக் கையைக் கொண்டுபோனேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடங்கின. மற்ற மூன்றும் பாதியில் நின்றுவிட்டன. அந்த ஐந்து நாள் பத்தியத்துக்குப் பிறகு அவை இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. எண்ணெய்ப் பிள்ளை, வழுக்கும். வேறு யாரும் கவனிக்கவில்லை. ஒப்பேற்றியிருக்கலாம். ஆனால் ஒருமுறை ஒப்பேற்றித்தான் முந்தானையில் முடிந்தேன்.

"ஏத்தா," என்று மருமகளைக் கூப்பிட்டேன். "எதிர்ல வந்து உக்காரு. காலு என்னுது, கையி ஒன்னுது."

அவள் என் விரல்களைப் பார்த்தாள். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கையால் கழுத்தைத் தாங்கி, ஒரு கையால் தண்ணீரை ஊற்றினாள். பேத்தி சொம்பு மொண்டு கொடுத்தாள்.

"தண்ணி சூடு பத்தலையே," என்றேன்.

"பத்தும் அத்தே."

"பத்தாதுங்கிறேன்."

"ஒங்க காலுல ஊத்துறேன், நீங்களே பாருங்க."

ஊற்றினாள். பதமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்ல வாயெடுப்பதற்குள் பிள்ளை என் காலிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. அதுதான் எல்லாவற்றையும்விடச் சூடாக இருந்தது.